எங்க வார்டுல எல்லா அப்பனும் நல்லவன்

சித்த நவுந்துக்கங்க அம்மிணி, இந்தப் புள்ளைய ஜன்னல் பக்கம் உட்டர்றேன். ஏய் மோனிஷா, உள்ள போடி. நெம்ப சந்தோசமுங்க. திங்கக்கிழமையானா இந்த பஸ்ஸுல நிக்கறதுக்குக்கூட எடமிருக்கறதில்ல. பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு சொன்னதுல இருந்து இந்தக் கண்டக்டரு நம்மளைப் பாக்கறதே ஒரு தினுசாத்தான் பாக்கறாரு, என்னமோ அவரு ஊட்டுச் சோத்தை எடுத்து நாம உண்டுட்ட மாதிரி. பாத்துட்டுப் போகட்டும்.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? பெரியாஸ்பத்திரியா? அப்ப நாங்க உங்களுக்கு முன்னாடியே எறங்கிருவோம். மாநகராட்சி ஆபீசு ஸ்டாப்புங்க. இன்னிக்குக் குறைதீர்க்கும் நாளு. திங்கக்கிழமை திங்கக்கிழமை கமிசனரு ஐயாவே உக்காந்து சனங்க குறையக் கேக்கறாருங்க. நல்லாத்தான் கேப்பாராமா. தீக்கறது வேற டிபார்ட்மெண்ட்டுன்னு நெனைக்கறேன்.

என்ன குறைன்னு கேக்கறீங்களா? சொன்னாச் சிரிப்பீங்க. எம் புருசன் நல்லவருன்னு மாநகராட்சியில எழுதி வெச்சுட்டாங்க. அதை அடிச்சுட்டு, இல்லைங்க ஐயா, அவரு மோசமான ஆளுதான், தயவு பண்ணி மோசமுன்னே எழுதிக்குங்கன்னு சொல்றதுக்குத்தான் போயிட்டிருக்கேன். நெசமாலுமேங்க. வெளையாட்டுக்குச் சொல்லலை.

இவ என்ற மக. ஆறாவது படிக்கறா. லீவு போட வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன். கொழந்தையோட போனா அதிகாரிங்க மனசு எளகுமுன்னு எங்க கவுன்சிலரம்மா யோசனை சொன்னாங்க. அந்தம்மா மனசு எளகி நாங்க யாரும் இன்னும் பாத்ததில்ல, ஆனா யோசனை நல்லாச் சொல்லுவாங்க. இவளை வெச்சுட்டு இதையெல்லாம் பேசலாமான்னு பாக்கறீங்களா? தாராளமாப் பேசலாமுங்க. அவ ரோட்டைத்தான் பாத்துட்டு வருவா, காதுல ஒண்ணும் விழுகாது. ரெண்டு வாரமா யாருகிட்டவும் வாயைத் தொறக்கறதில்ல. டீச்சருகிட்டவும் இல்லை, எங்கிட்டவும் இல்லை. அந்த வெசனத்துலதான் நானே கெளம்பி வந்தது.

மொதல்ல இருந்தே சொல்லிர்றேன். போன வருசம் எங்க மாநகராட்சிக்குத் திடீர்னு அப்பனுங்க மேல பாசம் பொங்கிருச்சுங்க. யோசிச்சுப் பாருங்க. புள்ளத்தாச்சிக்குத் திட்டம் இருக்குது, புள்ளைங்களுக்குச் சத்துணவு இருக்குது, தெருநாய்க்குக்கூட ஊசி போட வேன் வருது. ஏழைப்பட்ட அப்பனுக்கு என்ன இருக்குது? சாராயக்கடை இருக்குது. அதுவும் கவர்மெண்ட்டு வெச்சுக் குடுத்ததுதான், இல்லைன்னு சொல்லலை. அது பத்தாதுன்னு யாரோ ஒரு அதிகாரிக்குத் தோணி, பட்ஜெட்டுல பணம் ஒதுக்கி, எங்க வார்டுல மூடிக்கெடந்த பழைய சத்துணவுக் கூடத்துக்கு வெள்ளையடிச்சு, அப்பாமார் ஆதரவு மையமுன்னு போர்டு வெச்சாங்க. போர்டுல ஒரு அப்பன் படம். கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு, புள்ளையத் தோள்ல தூக்கி வெச்சுச் சிரிக்கறான். எங்க வார்டுல கோட்டு போடற ஒரே ஆளு கல்யாணத்துக்கு பேண்டு வாசிக்கற மாணிக்கந்தான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை.

தெறப்பு விழாவுல எல்லா ஆம்பளைங்களுக்கும் ஆளுக்கொரு ரோசாப்பூ குடுத்தாங்க. எங்கூட்டுக்காரரு அதைக் கொண்டாந்து சட்டினி அரைக்கறதான்னு கேட்டாரு. நானும் என்ற கல்யாணத்துக்குப் பொறவு அன்னைக்குத்தான் ரோசாப்பூவைக் கையில வாங்கினேன், அதுவும் மாநகராட்சி செலவுல.

மையத்துல என்ன பண்ணுவாங்கன்னா, ஞாயித்துக்கிழமை காலையில அப்பனும் புள்ளையும் ஒட்டுக்கா வரோணும். தனியா வந்தா உள்ள உட மாட்டாங்க. அன்னைக்கு வேலைக்குப் போகாததுக்குப் பாதிக் கூலி மையமே குடுத்துரும். இல்லைன்னா எவன் வருவான்? வந்தவங்களுக்குப் புள்ளைக்குத் தலை சீவி உடறது, சட்டைக்குப் பட்டன் தெக்கறது, பள்ளிக்கூடத்துக்குப் போயி டீச்சருகிட்ட எப்படிப் பேசறது, இதையெல்லாம் சொல்லித் தருவாங்க. பொறவு புள்ளைங்களை வெளையாட உட்டுட்டு அப்பனுங்க எல்லாம் வட்டமா உக்காந்து, அந்த வாரம் புள்ளைகிட்ட என்ன தப்பு பண்ணுனோமுன்னு ஆளுக்கொண்ணு சொல்லோணும். ஆல்பர்ட் சாருன்னு ஒருத்தரு பாத்துக்கிட்டாரு. நெம்ப ஒல்லி. பேசுனா பக்கத்துல இருக்கறவங்களுக்கே கேக்காது. எங்க வார்டு ஆம்பளைங்களை அடக்கறதுக்கு நல்ல ஆளாப் பாத்துத்தான் போட்டிருக்காங்கன்னு நாங்க சிரிச்சோம்.

எங்கூட்டுக்காரரு காய்கறி மார்க்கெட்டுல மூட்டை தூக்கறாரு. பேரு வெள்ளிங்கிரி. புருசன் பேரைச் சொன்னா அவங்க ஆயுசு குறையுமுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. குறைஞ்சா குறையட்டுமுன்னு நானே பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டுன காலமும் இருந்துச்சுங்க. கேக்கறீங்க, அதனால சொல்றேன், வெளிய யாருகிட்டவும் சொல்லிராதீங்க. முந்தின வருசம் ஆடி மாசம். இவளுக்குப் பள்ளிக்கூடத்துல காச்சல் வந்துருச்சு. நான் வேலை பாக்கற மில்லுல மேஸ்திரி உடமாட்டேன்னுட்டான். அவருக்கு போன் போட்டு, புள்ளையக் கூட்டிட்டு வந்து ஊட்டுல உடுங்கன்னேன். கூட்டிட்டுத்தான் வந்தாரு. வர்ற வழியில கடை இருந்துச்சு. அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, அது கடையோட தப்பு, வழியில வந்து நின்னது.

இவளைக் கடைப்படியில உக்கார வெச்சுட்டு, இங்கயே இரு சாமி, அப்பன் இப்ப வந்தர்றேன்னு உள்ள போயிருக்காரு. போனவரு சேக்காளிங்களோட பின்வாசல் வழியா வெளிய போயிட்டாரு. நான் வேலை முடிஞ்சு ஊட்டுக்கு வந்து பாத்தா ஆளு படுத்திருக்காரு. புள்ள எங்கீங்கன்னா, எந்தப் புள்ளைன்னு கேட்டாரு. என்னமோ எங்க ஊட்டுல வரிசையா எட்டுப் புள்ள நிக்கற மாதிரி. ஓடுனேன் பாருங்க, செருப்புக்கூடப் போடலை. இவ அந்தப் படியிலயேதான் உக்காந்திருந்தா. புத்தகப் பையை மடியில கட்டிப் புடிச்சுக்கிட்டு, ஒடம்பு கொதிக்குது, குடிகாரனுங்க இவளைத் தாண்டித் தாண்டிப் போறானுங்க. ஏன்டி இங்க உக்காந்திருக்கேன்னா, அப்பா இங்கயே இருக்கச் சொன்னாரும்மான்னா. எனக்கு அன்னைக்கு அந்த மனுசனைக் கொன்னு போட்டுடலாமான்னு இருந்துச்சுங்க.

அன்னையில இருந்து அவருகிட்ட இவ பேசறதை உட்டுட்டா. ஒரே ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, அவரை உண்ண வரச் சொல்லும்மா, அவருகிட்டக் கையெழுத்து வாங்கிக் குடும்மான்னு எல்லாம் என்ற மூலமாத்தான். அவரும் லேசுப்பட்டவரில்ல, அவளை அந்த டிவியைக் குறைக்கச் சொல்லும்பாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி வேலை பாத்தேன். அதுக்கு மட்டும் எந்த மாநகராட்சியும் கூலி குடுக்கலை.

மையம் வந்தப்ப இவரு பாதிக் கூலிக்காகத்தான் போனாரு. அதுல ஒளிவு மறைவே இல்லை. இவளும் ஆல்பர்ட் சாரு குடுக்கற சுண்டலுக்காகத்தான் போனா. மொத மாசம் பூரா ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்துட்டு வந்தாங்க. வட்டத்துல இவரு முறை வந்தா, நான் ஒரு தப்பும் பண்ணலைங்கன்னு சொல்லிட்டு நகத்தைக் கடிச்சுட்டு இருப்பாராமா. பொறவு ஒரு ஞாயித்துக்கிழமை தலை பின்னறதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இவருக்குத் தெரிஞ்ச தெயலெல்லாம் கோணூசி வெச்சு வெங்காய மூட்டைக்கு வாய் தெக்கறதுதான். அந்தப் பழக்கத்துல இந்தப் புள்ள தலையைப் புடிச்சு, கால் முட்டியில அண்டக் குடுத்து, ஒரே இழுப்பா இழுத்திருக்காரு. வலிக்குதுப்பான்னு கத்தியிருக்கா. அதுதானுங்க, அத்தனை மாசத்துக்கு அப்பறம் இவ அவருகிட்டப் பேசுன மொத வார்த்தை.

அவரு அங்கயே சடையை உட்டுட்டு அழுதுட்டாராமா. மூட்டை தூக்கற மனுசன், அத்தனை பேரு முன்னாடி. அடுத்து வட்டத்துல அவரு முறை வந்தப்ப அந்தக் கடைப்படிக் கதையை வாயைத் தொறந்து சொல்லியிருக்காரு. ஊட்டுக்கு வந்தாங்க. இவ சடை ரெண்டும் கண்ணை மூட முடியாத அளவுக்கு இறுக்கமா நிக்குது, ஆனா அவிழ்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. அப்படியே படுத்துத் தூங்குனா. நான் சந்தோசப்பட்டேனுங்க. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் பொறாமையாவும் இருந்துச்சு. பத்து வருசமா நான் நோகாம சீவி உட்டதுக்கு இவ ஒரு நாளும் அப்படிப் பாத்ததில்ல.

அதுக்கப்பறம் மனுசன் அடியோட மாறிட்டாருன்னு சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னா நீங்களே நம்பமாட்டீங்க. குடிச்சாரு, ஆனா சனிக்கிழமை குடிக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை வாசம் வந்தா ஆல்பர்ட் சாரு கத்தமாட்டாரு, திட்டமாட்டாரு, இன்னிக்குப் போயிட்டு அடுத்த வாரம் வாங்கன்னு மெதுவாச் சொல்லிக் கதவைச் சாத்திருவாரு. புள்ள முன்னாடி. அதுக்குப் பயந்து சனிக்கிழமை குடிக்கறதை உட்டாரு. சனிக்கிழமையை உட்டதும் வெள்ளிக்கிழமை தானா நின்னுச்சு. பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போயி டீச்சரைப் பாத்து, எம் புள்ள கணக்குல எப்படிங்கன்னு கேட்டாரு. என்ன வகுப்புன்னு வாசல்ல வாட்ச்மேனைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு, அது வேற விசயம்.

நல்லா இருந்துச்சா? இருக்க உடுவாங்களா? வருசம் முடியறதுக்குள்ள மதிப்பீட்டுக் குழுன்னு ஒண்ணைத் தாட்டி உட்டாங்க. மாநகராட்சிப் பணம் வீணாகக் கூடாதில்லீங்களா. ரோடு போடறாங்க, மறுநாளே தோண்டறாங்க, அதுக்கெல்லாம் மதிப்பீட்டுக் குழு வராது. இதுக்கு வந்துச்சு. ஒரு பொண்ணு, ஒரு பையன். பாவம், நல்ல புள்ளைங்க, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தாங்க. நான் காப்பி போட்டு முறுக்கும் வெச்சேன். அந்தப் பொண்ணு கையில பலகையாட்டம் ஒண்ணை வெச்சுத் தடவிக்கிட்டே, அக்கா, மையத்துக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கணவர் கொழந்தையோட எப்படி இருந்தாருன்னு கேக்குது.

நீங்களே சொல்லுங்க அம்மிணி. ஊரு பேரு தெரியாத ரெண்டு பேரு, நம்ம ஊட்டுப் பாயில உக்காந்துக்கிட்டு, உம் புருசன் எப்படின்னு கேட்டா எந்தப் பொம்பளை உள்ளதைச் சொல்லுவா? பக்கத்து ஊட்டு சுபத்ரா வேற கதவோரமா வந்து, கொழம்புக்குப் புளி இருக்குதான்னு கேக்கற சாட்டுல நிக்கறா. அவ ஊட்டுல புளி மூட்டையே இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நான் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு, எங்கூட்டுக்காரருங்களா, தங்கமான மனுசருங்கன்னேன். புள்ள பொறந்த நாள்ல இருந்து தோள்ல இருந்து எறக்குனதில்லைன்னேன். குடிப்பாரான்னு கேட்டாங்க. அந்த வாசமே அவருக்கு ஆகாதுன்னேன். அப்ப மையத்துக்குப் போனதால என்னக்கா மாற்றமுன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. மாறறதுக்கு என்ன சாமி இருக்குது, நல்ல மனுசன், ஞாயித்துக்கிழமை சும்மா உக்கார வேண்டாமுன்னு போயிட்டு வர்றாருன்னு சொன்னேன். எப்படி? மானம் மரியாதையோட சொன்னேனா இல்லையா?

அது மட்டுமில்ல. எல்லா ஊட்டுலயும் இதே கதைதான். சுபத்ரா ஊட்டுக்காரன் ஆட்டோ ஓட்டறான். மழை நாள்ல பையனைக் கூப்பிடப் போயி, எந்தப் பள்ளிக்கூடமுன்னு தெரியாம வேற பள்ளிக்கூடத்து வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்த ஆளு. அவன் புள்ளைங்களுக்குத் தாயும் தகப்பனுமா இருக்கான்னு சொல்லிருக்கா. நூர்ஜகான் அக்கா, எங்க அவரு அதட்டிக்கூடப் பேச மாட்டாருன்னு சொல்லிருக்கு. அவரு பெயிண்டரு. ஊட்டுக்குள்ள அவரு ஒரு சத்தம் போட்டா, எங்க தெருநாயி எந்திரிச்சு அடுத்த தெருவுக்குப் போயிரும். அன்னைக்குச் சாயந்தரம் தண்ணிக் குழாயடியில நாங்க எல்லாரும் கூடி, நான் இப்படிச் சொன்னேன், நீ என்ன சொன்னேன்னு பேசிச் சிரிச்சோம். ஒருத்தியும் தன் ஊட்டுக்காரனை உட்டுக் குடுக்கலை. எங்களுக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு.

அதை அப்படியே எழுதிட்டுப் போயிட்டாங்க. மாநகராட்சிக் கூட்டத்துல அறிக்கை வாசிச்சாங்களாமா, கவுன்சிலரம்மாதான் வந்து சொன்னாங்க. இந்த வார்டிலுள்ள தந்தையர் அனைவரும் திட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே சிறந்த தந்தையராக இருந்து வந்துள்ளனர், ஆகவே இத்திட்டத்தால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை, நிதியைத் தொடர்ந்து வழங்கத் தேவையில்லை. எங்க வார்டு ஆம்பளைங்களுக்கு இந்த ஜென்மத்துல கெடைச்ச ஒரே நல்ல பேருங்க அது. அதை வெச்சே ஆபீசுக்காரங்க மையத்தை மூடச் சொல்லிட்டாங்க.

பணத்தை என்ன பண்ணாங்கன்னு கேக்கறீங்களா? இதோ பாருங்க, இந்தப் பக்கம், ரவுண்டானாவுல. சாரம் கட்டி இருக்குது பாருங்க, பச்சைத் துணி மூடியிருக்கறது. மகிழ்ச்சியான குடும்பமுன்னு சிலை வருதாமா. அப்பன், அம்மா, தோள்ல ஒரு புள்ள. நகரத்தை அழகு பண்றாங்களாமா. உசுரோட இருக்கற அப்பனுக்குக் குடுத்த பணத்தை நிறுத்திட்டு, சிமெண்ட்டுல ஒரு அப்பனைச் செய்யறாங்க. அதுவும் நல்லதுக்குத்தானுங்க. சிமெண்ட்டு அப்பன் குடிக்க மாட்டான், பாதிக் கூலியும் கேக்கமாட்டான்.

சும்மா இல்லைங்க, ஆம்பளைங்க எல்லாம் ஆல்பர்ட் சாரைக் கூட்டிட்டு ஆபீசுக்குப் போனாங்க. அங்க ஒரு அதிகாரி முன்னாடி வரிசையா நின்னு, நான் இப்படி இருந்தேனுங்க, நான் அப்படி இருந்தேனுங்கன்னு ஒவ்வொருத்தரும் சொல்லியிருக்காங்க. சுபத்ரா ஊட்டுக்காரன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லி அழுதானாமா. அதிகாரி எல்லாத்தையும் கேட்டுட்டு, பணம் வாங்கறவங்க நீங்க, பணம் நிக்கக் கூடாதுன்னு எதை வேணாலும் சொல்லுவீங்க, உங்க மனைவிமாரு சொன்னதைத்தான் நாங்க எடுத்துக்க முடியும், அதுதான் பாரபட்சமில்லாத சாட்சின்னுட்டாரு. பாத்துக்குங்க அம்மிணி. பட்டா கேட்டுப் போனேன், ரேசன் கார்டுக்குப் போனேன், ஒரு ஆபீசுல என்ற பேச்சை எடுத்துக்கிட்டதில்ல, புருசனைக் கூட்டிட்டு வாம்மான்னுதான் சொல்லுவாங்க. எங்க பேச்சை நம்புன மொத ஆபீசு இதுதான். அதுவும் நாங்க பொய் சொன்ன அன்னைக்கு.

பாதிக் கூலியை மொதல்ல நிறுத்துனாங்க. ஆல்பர்ட் சாரு இந்த மாசக் கடைசி வரைக்கும் கதவைத் தெறந்து வெக்கறேன், வாங்கன்னு சொன்னாரு. கூலி இல்லாம எத்தனை பேரு வருவாங்க? எங்கூட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை மூட்டை தூக்கவே போயிட்டாரு. வாடகை கட்டோணுமில்லீங்களா, அவரைச் சொல்லிக் குத்தமில்ல. மார்க்கெட்டுல மத்தியானத்தோட வேலை முடிஞ்சுது, கூலி கையில வந்துச்சு, பழைய சேக்காளிங்க நின்னானுங்க. இவ காலையில இருந்து தலைக்குக் குளிச்சுட்டு, சீப்பையும் ரிப்பனையும் வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கா. அப்பா சாயந்தரமாவது சீவி உடுவாருன்னு. அவரு வந்தாரு. வாசம் வந்துச்சு. இவ எந்திரிச்சு உள்ள போயி, சீப்பை அலமாரியில வெச்சுட்டு, சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா. அன்னைக்கு மூடுன வாய்தானுங்க. இந்தத் தடவை எங்கிட்டவும் பேசறதில்ல. அவருகிட்டப் பேசலைன்னா அதுல ஞாயமிருக்குது. என்னைய எதுக்குடி தண்டிக்கறேன்னு கேட்டேன். நான் என்ன பண்ணுனேன்? சொல்லுங்க.

முந்தாநாள் காலையில அவரு மார்க்கெட்டுக்குப் போகாம உக்காந்திருந்தாரு. கோகிலா, திங்கக்கிழமை கமிசனரைப் பாத்து உள்ளதைச் சொல்லிரு, அந்தக் கடைப்படி கதையைச் சொல்லு, நான் சொன்னா எடுத்துக்க மாட்டேங்கறாங்கன்னாரு. ஏனுங்க, அதைச் சொன்னா உங்க மானம் என்னத்துக்கு ஆகறதுன்னேன். என்ற மானம் போனாப் போகுது, புள்ள பேசுனாப் போதுமுன்னு சொன்னாரு. பாருங்க கொடுமையை. அவரு மானமுன்னு தனியா ஒண்ணு டப்பாவுல இருக்குதா? அவரு மானம் போனா, அவரோட இத்தனை வருசம் குடும்பம் நடத்துன என்ற மானம் எங்க போயி நிக்கும்? இதைச் சொன்னா அவருக்குப் புரியலை. அந்த மையத்துல ஆம்பளைங்களுக்கு என்னென்னமோ சொல்லிக் குடுத்திருக்காங்க, இதைச் சொல்லிக் குடுக்கலை.

எல்லாரும் ஒட்டுக்காப் போலாமுன்னுதான் முடிவு பண்ணுனோம். குழாயடியிலயே கற்பூரம் அடிக்காத குறையா சத்தியம் பண்ணுனோம். காலையில சுபத்ராவைக் கூப்பிட்டா, நாத்தனா ஊட்டுல வளைகாப்பு. நூர்ஜகான் அக்காவுக்கு முட்டி வலி. மேல் ஊட்டுக்காரி, நீ போயிச் சொல்லு கோகிலா, நீ சொன்னா நாங்க எல்லாம் சொன்ன மாதிரின்னா. அதாவது, அவ புருசன் நல்லவனாவே இருக்கட்டும், எம் புருசன் ஒருத்தன் மட்டும் ஆபீசு ஆபீசா மோசமானவனா எழுதப்படட்டும். எவ்வளவு பெரிய மனசு பாருங்க.

பரவாயில்லை, நானே போறேன். கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. இப்ப உங்ககிட்ட மடமடன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேனில்ல, அதே மாதிரி கமிசனருகிட்டவும் சொல்லிட வேண்டியதுதான். அங்க மைக்கு வெச்சிருப்பாங்களாமா, சுத்தி அம்பது பேரு மனுவோட நிப்பாங்களாமா. நின்னா நிக்கட்டும். ஐயா, எங்கூட்டுக்காரரு...

என்னங்க? என்ன சொன்னீங்க?

இந்த மாதிரி ஆளோட எப்படிக்கா குடும்பம் நடத்தறீங்கன்னா?

இந்த மாதிரி ஆளுன்னா எந்த மாதிரி ஆளுங்க அம்மிணி? நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா? அவரு ஒரு வாய் சோறு உண்டா, இவ தனக்கு ரெண்டு வாய் வெச்சிருக்கறாளான்னு சட்டியை எட்டிப் பாக்கற மனுசன். என்ற அப்பன் சாகக் கெடந்தப்ப, இப்ப நீங்க போற அந்தப் பெரியாஸ்பத்திரியில ஒரு மாசம் தோள்ல தூக்கித் திரிஞ்சவரு. இன்னைக்கு வரைக்கும் எம் மேல கை வெச்சதில்ல. நான் சொல்லுவேன், நான் அவரு பொண்டாட்டி, எனக்குப் பாத்தியதை இருக்குது. நீங்க யாருங்க சொல்றதுக்கு? பாக்கப் படிச்ச புள்ளையாட்டம் இருக்கீங்க, வார்த்தையை அளந்து பேசோணும். கடைப்படியில உட்டுட்டு வந்தாருன்னு சொன்னேனே, அதுகூட நான் ஒரு கோவத்துல அப்படிச் சொன்னதுங்க. மறந்துட்டெல்லாம் வரலை. அவருக்கே அன்னைக்கு ஒடம்பு சரியில்ல. பக்கத்துல தெரிஞ்சவங்க பெட்டிக்கடை இருக்குது, புள்ளையப் பாத்துக்குங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு. அவங்கதான் கவனிக்காம உட்டுட்டாங்க. அவரு புள்ளைய அப்படியெல்லாம் மறக்கற ஆளு...

என்னடி?

என்ன சொன்னே? அந்த அக்காவைப் பாத்து என்னடி சொன்னே? பெட்டிக்கடையே அங்க இல்லையா? மறந்துட்டுத்தான் போனாரா?

பாருங்க. ரெண்டு வாரமா ஊமையாட்டம் இருந்தவ. கோயில் கோயிலா வேண்டிக்கிட்டேன், ஒரு வார்த்தை பேசுடின்னு கெஞ்சுனேன். இப்ப வாயைத் தொறந்துட்டா. எங்கிட்டக்கூட இல்லை, உங்ககிட்ட. எனக்குச் சந்தோசப்படறதா கோவப்படறதான்னு தெரியலைங்க. அவ நிறுத்தலை பாருங்க, இன்னும் என்னமோ சொல்றா. என்ன கண்ணு? சொல்லு. அம்மா திட்டலை, சொல்லு.

நீயே சொல்லிக்கறியா? கமிசனருகிட்டயா? அத்தனை பேரு முன்னாடி மைக்குல என்னன்னுடி சொல்லுவே?

முன்னாடி மறந்துட்டாரு. மையம் இருந்தப்ப மறக்கலை. அவ்வளவுதானா? அவ்வளவு சின்னதாவா சொல்லுவே?

இருடி, எந்திரிக்காத, பஸ்ஸு நிக்கட்டும். ஏனுங்க கண்டக்டரு, சித்த நிறுத்துங்க, ஆளு எறங்கோணுமில்ல, டிக்கெட் எடுக்கலைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தமா? கையை இழுக்காதடி, வர்றேன், வர்றேன். அம்மிணி, நான் பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க, போயிட்டு வர்றோமுங்க. ஏய் மோனிஷா, வேகமாப் போகாத, நில்லு. நீயே சொல்லு, நான் ஒண்ணும் சொல்லலை, குறுக்க வர மாட்டேன். ஆனா கடைசியில, எங்கப்பா நல்லவருதாங்கன்னு ஒரு வார்த்தை சேத்திச் சொல்லிரு சாமி.